ஹுசெர்லைத் தாண்டிவிட்டு ஹைடெக்கரைப் படிக்கலாமா?

கூழாங்கல் எழுதியது:

வணக்கம். ஏழெட்டு மாதமாக ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான், ஜெர்மன் தெரியாது. சுத்தியல் வரும் இடம் நன்றாகவே பிடிபட்டது. ஆணி அடிப்பவன் கண்ணுக்குச் சுத்தியல் ஒரு பொருளாகத் தெரிவதே இல்லை, உடைந்தால்தான் தெரிகிறது என்கிறாரே, அது. ஆனால் 32-ஆம் பிரிவில் நின்றுவிட்டேன். நாம் எதையும் வெறுமனே பார்ப்பதில்லை, மேசையாக, கதவாக, வண்டியாக, பாலமாக, ஏதோ ஒன்றாகப் புரிந்துகொண்டுதான் பார்க்கிறோம், அந்தப் புரிதலுக்கு அடியில் முன்கூட்டியே கையில் இருப்பது ஒன்று எப்போதும் உண்டு என்கிறார். சரி. ஆனால் 7-ஆம் பிரிவில் தன் முறை நிகழ்வியல் என்கிறார், அதாவது பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தை ஆராயும் தத்துவ முறை, அதன் ஆசான் ஹுசெர்ல். ஹுசெர்லோ உலகத்தைப் பற்றிய நம் நம்பிக்கையை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, தோன்றுவதைத் தோன்றுகிறபடி பார் என்றவர். முன்புரிதலை ஒதுக்கி வை என்கிறார் ஒருவர், அது இல்லாமல் பார்வையே கிடையாது என்கிறார் இன்னொருவர். இரண்டும் எப்படி ஒரே முறை ஆகும்?

தத்துவம் படித்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ஹுசெர்ல் பழைய கதை, படிக்கட்டு மாதிரி, ஏறி முடித்தால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்றார். மனம் ஒப்பவில்லை. இங்கே யாராவது சொல்லுங்கள்.


மேசைவிளக்கு எழுதியது:

தாண்ட வேண்டாம் நண்பரே. நான் ஒருமுறை தாண்டிப் போய், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அடைப்புக்குறி. ஹுசெர்ல் கணிதம் படித்து வந்தவர், 1883-இல் வியன்னாவில் கணிதத்தில்தான் முனைவர் பட்டம் வாங்கினார். ஒரு சமன்பாட்டில் ஒரு பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்தால் அது அழிந்து போவதில்லை. அங்கேயேதான் இருக்கிறது, அதை வைத்து இப்போதைக்குக் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். நம்பிக்கைகளையும் அவர் அப்படித்தான் வைக்கிறார். மனதைக் காலி செய்யச் சொல்லவில்லை. மேசை உண்மையில் இருக்கிறதா என்ற வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு, மேசை எனக்கு எப்படி 'இருப்பதாக'த் தோன்றுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் முதலில் அகப்படுவதே நம் முன்புரிதல்தான்! மேசையின் முன்பக்கம் மட்டும்தான் கண்ணில் படுகிறது, பின்பக்கம் படவில்லை, ஆனாலும் நான் ஒரு பலகைத் துண்டைப் பார்ப்பதாக உணர்வதில்லை, பின்பக்கமும் கால்களும் உள்ள முழு மேசையைப் பார்க்கிறேன். காணாத பக்கம் கண்ட பக்கத்தோடு கூடவே வருகிறது. இதைத் தொடுவானம் என்கிறார்.

அப்புறம் மெழுகுப் பொம்மை. 1901-இல் வந்த 'தர்க்க ஆய்வுக'ளின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. பெர்லினில் அப்போது மெழுகுச் சிலைக் காட்சிசாலை ஒன்று இருந்தது. படிக்கட்டில் ஒரு பெண்மணி நம்மைப் பார்த்து இனிமையாகக் கையசைக்கிறாள். ஒரு கணம் கழித்துத்தான் அது மெழுகு என்று தெரிகிறது. கண்ணில் பட்ட நிறமும் உருவமும் மாறவே இல்லை. மாறியது என்ன? அதை இன்னதாக எடுத்துக்கொண்ட விதம் மட்டும்தான். இப்போது உங்கள் 32-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அந்த 'ஆக' அங்கே திடீரென்று முளைத்ததல்ல, 26 வருடம் முன்பே ஆசான் விதைத்தது.


அலைவரிசை எழுதியது:

மேசைவிளக்கு சொல்வதை ஏற்கிறேன், ஆனால் வித்தியாசத்தை அவர் ரொம்பவும் குறைத்துவிடுகிறார். ஹுசெர்லிடம் முதலில் புலன் தரும் கச்சாப் பொருள் ஒன்று இருக்கிறது, அதன்மேல் 'எடுத்துக்கொள்ளுதல்' ஏறி உட்கார்கிறது. ஹைடெக்கர் உடைப்பது இந்த வரிசையைத்தான்.

1919 தொடக்கம். போர் முடிந்து திரும்பிய மாணவர்களுக்காக ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறப்புப் பருவம் நடக்கிறது. ஹைடெக்கருக்கு 29 வயது. வகுப்பில் நிற்கும்போது தன் முன்னால் இருக்கும் விரிவுரை மேசையையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். நீங்கள் உள்ளே வரும்போது என்ன பார்த்தீர்கள்? பழுப்பு நிறப் பரப்புகள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்வதையா? இல்லை. பேராசிரியர் நின்று பேசும் மேசையைப் பார்த்தீர்கள், அது எனக்குக் கொஞ்சம் உயரமாகப் பட்டது, அதன்மேல் ஒரு புத்தகம் இடைஞ்சலாகக் கிடந்தது. முதலில் பரப்பு, அப்புறம் பெட்டி, அப்புறம் மேசை என்று ஏணி ஏறி யாரும் வருவதில்லை. கறுப்புக்காட்டு விவசாயி ஒருவர் உள்ளே வந்தால் 'வாத்தியார் நிற்கிற இடம்' என்று பார்ப்பார். செனகலிலிருந்து ஒருவர் திடீரென்று வந்தால்? அவருக்கு அது மந்திர சம்பந்தமான ஏதோவாகவோ, அம்புக்குக் கேடயமாகவோ படலாம். இல்லை, என்ன செய்வது என்றே தெரியாத ஒன்றாகப் படலாம். அப்போதும் அவர் பார்ப்பது வெறும் நிறமல்ல, புரியாத ஒரு கருவி. புரியாமையும் ஒரு பொருள்தான் என்கிறார். (செனகல்காரரைப் பற்றி அவர் பேசும் தோரணையில் அந்தக் கால ஐரோப்பியத் திமிர் இருக்கிறது, படிக்கும்போது உறுத்தும். ஆனால் சொல்ல வந்தது அதையும் மீறி நிற்கிறது.)

'இருத்தலும் காலமும்' 34-ஆம் பிரிவில் காதுக்கும் இதையே சொல்கிறார். நம் காதில் முதலில் விழுவது ஓசை அல்ல, கிறீச்சிடும் வண்டி, மோட்டார் சைக்கிள், வாடைக்காற்று, மரங்கொத்தி. வெறும் ஓசையைக் கேட்க வேண்டுமானால் அதற்குத்தான் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

ஆக, ஹுசெர்லிடம் பொருள் பின்னால் வந்து சேர்கிறது, ஹைடெக்கரிடம் முதலிலேயே இருக்கிறது. பார்ப்பது என்பதே ஒரு வகையில் வாசிப்பது ஆகிவிடுகிறது. அதனால்தான் 7-ஆம் பிரிவில், நிகழ்வியல் விவரிப்பின் பொருளே விளக்கம் காண்பதுதான் என்று எழுதுகிறார். நிகழ்வியல் பொருள்கோளியலாக, அதாவது பொருள் விளக்கம் காணும் கலையாக, மாறுகிற இடம் அது.


சட்டப்பை எழுதியது:

சின்ன இடைமறிப்பு. 'பொருள்கோளியல்' என்ற சொல்லை இந்த இழையில் பார்க்க மகிழ்ச்சி. நன்னூலில் எட்டு வகைப் பொருள்கோள் படித்தவர்களுக்கு இது வெறும் கலைச்சொல்லாகத் தெரியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நன்னூலின் பொருள்கோள், செய்யுளில் சொற்களை எப்படிக் கூட்டிப் பொருள் எடுப்பது என்ற வரையறை. அது 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் சிந்தனையாளர் ஷ்லையர்மாக்கருக்குப் பக்கத்தில் வரும், நூலைச் சரியாக வாசிக்கும் கலை என்ற அளவில். அவருக்குப் பின் வந்த ஜெர்மன் தத்துவவாதி டில்தாய் அதை விரித்தார். இயற்கையை விளக்குகிறோம், மன வாழ்வைப் புரிந்துகொள்கிறோம் என்று 1894-இல் எழுதினார். ஹைடெக்கர் கைக்கு வரும்போது அது நூலை விட்டே வெளியே வந்துவிடுகிறது. புரிந்துகொள்ளுதல் என்பது மனிதன் செய்யும் பல வேலைகளில் ஒன்றல்ல, அவன் இருக்கிற விதமே அதுதான். அதனால் சொல்லைப் பயன்படுத்துவோம், ஆனால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம்.


எதிர்க்காற்று எழுதியது:

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் இந்த இருவரைப் பற்றிப் பேசும்போது 1933-ஐச் சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது. 'இருத்தலும் காலமும்' 1927-இல் வந்தபோது "மதிப்போடும் நட்போடும்" ஹுசெர்லுக்குக் காணிக்கை செய்யப்பட்டது, தேதி 1926 ஏப்ரல் 8, ஹுசெர்லின் பிறந்தநாள். 1928-இல் ஹுசெர்ல் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஹைடெக்கர். 1933 ஏப்ரலில் யூதப் பிறப்புக் காரணமாக ஹுசெர்லைப் பணியாளர் பட்டியலிலிருந்து விலக்கும் ஆணை வருகிறது, அதே மாதம் ஹைடெக்கர் அதே பல்கலைக்கழகத்தின் ரெக்டர், அதாவது தலைவர், ஆகிறார், மே 1-இல் நாஜிக் கட்சியில் சேர்கிறார். 1938-இல் ஹுசெர்ல் இறந்தபோது ஹைடெக்கர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. 1941 பதிப்பில் அந்தக் காணிக்கையே காணோம். 2014-இல் வெளிவரத் தொடங்கிய, ஹைடெக்கரின் சொந்தக் குறிப்புகளான 'கறுப்புக் குறிப்பேடு'களில் யூத வெறுப்பு அச்சிலேயே கிடைக்கிறது. 'முன்புரிதல் இல்லாமல் பார்வை இல்லை' என்று சொன்ன மனிதர் தன் முன்புரிதலை ஒருநாளாவது சோதித்தாரா? என் கேள்வி இதுதான்: அவருடைய முறையில் அந்தச் சோதனைக்கு இடமே இல்லையோ?


மேசைவிளக்கு எழுதியது:

எதிர்க்காற்று, இந்தக் கேள்விக்கு நன்றி. நான் திரும்பி ஹுசெர்லிடம் வந்ததற்கே இதுதான் காரணம்.

முதலில் அந்த முதியவரின் கடைசி வருடங்களைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். 1935 மே மாதம் வியன்னாவில் ஒரு சொற்பொழிவு, நவம்பரில் பிராக் நகரில் சில சொற்பொழிவுகள். அவற்றிலிருந்துதான் 'ஐரோப்பிய அறிவியல்களின் நெருக்கடி' வளர்கிறது. அதன் முதல் பகுதிகளை ஜெர்மனியில் அச்சிட முடியவில்லை, 1936-இல் பெல்கிரேடில் இருந்து வந்த ஒரு இதழில் வெளியிடுகிறார். வயது 77. அதில்தான் வாழ்வுலகம் என்ற கருத்து முழு உருவில் வருகிறது. கணிதமும் இயற்பியலும் நாம் நடமாடும் இந்தச் சாதாரண உலகத்தின் மேல் கட்டப்பட்டவை, அந்த அடித்தளத்தை மறந்ததுதான் நெருக்கடி என்கிறார்.

அவர் இறந்த சில மாதத்தில் வான் பிரேடா என்ற 27 வயது பிரான்சிஸ்கன் துறவி தன் ஆய்வேட்டுக்காக பெல்ஜியத்திலிருந்து ஃப்ரைபுர்க் வருகிறார். அங்கே சுருக்கெழுத்தில் ஏறத்தாழ 40,000 பக்கம் கிடப்பதைப் பார்க்கிறார். அது அங்கே இருந்தால் தப்பாது என்று புரிந்துகொண்டு, பெர்லினில் இருந்த பெல்ஜியத் தூதரகத்தின் உதவியோடு எல்லாவற்றையும் லூவன் நகரத்துக்குக் கொண்டு சேர்க்கிறார். கணவரை இழந்த மால்வினே அம்மையாருக்கும் பெல்ஜியத்தில் ஒரு கன்னியர் மடத்தில் அடைக்கலம் கிடைக்கிறது. ஹுசெர்லிடம் உதவியாளராக இருந்த எடித் ஸ்டைனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலத்தைப் பற்றிய ஹுசெர்லின் உரைகளைச் சுருக்கெழுத்திலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். 1928-இல் அது அச்சானபோது பதிப்பாசிரியர் என்று வந்தது ஹைடெக்கரின் பெயர். ஸ்டைன் 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை நின்றுவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. 1927-இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு 'நிகழ்வியல்' என்ற கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுத உட்கார்ந்தார்கள், முடியவில்லை, கடைசியில் ஹைடெக்கர் எழுதிய பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. பிரிவு எங்கே என்பது அந்த வரைவுகளில் தெரிகிறது. உலகத்தை அடைப்புக்குறிக்குள் வைத்துப் பார்க்கும் 'நான்' யார், அது எப்படி இருக்கிறது என்று ஹைடெக்கர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அந்த 'நான்' ஒரு ஊரில், ஒரு காலத்தில், ஒரு மொழியில் எறியப்பட்டுக் கிடக்கிற ஒன்று. அதை ஹுசெர்ல் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஹுசெர்லிடம் இருந்த ஒன்று அந்தப் பயணத்தில் நழுவிப் போகிறது: நான் எடுத்துக்கொண்டது தவறாக இருக்கலாம், பொருள் என்னைத் திருத்தலாம் என்ற பொறுமை. 32-ஆம் பிரிவிலேயே, புரிந்துகொள்ள முன்புரிதல் வேண்டும் என்ற அந்த வட்டத்திலிருந்து வெளியே வருவதல்ல, சரியான விதத்தில் உள்ளே போவதுதான் முக்கியம், முன்புரிதலைப் பொருளிலிருந்தே பெற வேண்டும் என்று ஹைடெக்கரும் எழுதுகிறார். எழுதிவிட்டு அதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறார் பாருங்கள். ஹுசெர்ல் அந்த ஒரு விஷயத்துக்கு வாழ்நாளைக் கொடுத்தார்.


சட்டப்பை எழுதியது:

ஹைடெக்கரின் மாணவரான தத்துவவாதி காடமரைக் கொண்டுவராமல் இது முழுமையடையாது. 1900-இல் பிறந்தவர், 'உண்மையும் முறையும்' வந்தது 1960-இல், அறுபது வயதில். 2002 வரை வாழ்ந்தார். எதிர்க்காற்று கேட்ட சோதனைக்கு அவரிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் தமிழில் அது ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டிருக்கிறது. 'ஃபோர்உர்டைல்' என்ற ஜெர்மன் சொல்லை நாம் தப்பெண்ணம் என்றோ பாரபட்சம் என்றோ பெயர்த்தால் காடமர் பிற்போக்காளராகத் தெரிவார். எழுத்துக்கு எழுத்து அது 'முன்தீர்ப்பு'. ஜெர்மன் நீதிமன்ற வழக்கில் இறுதித் தீர்ப்புக்கு முன்னால் தரும் தற்காலிகத் தீர்ப்புக்கு அந்தப் பெயர் இருந்தது என்று அவரே எடுத்துக்காட்டுகிறார். நான் வழக்கறிஞராக இருப்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. இடைக்கால உத்தரவு இல்லாமல் வழக்கு நகராது, ஆனால் அதுவே முடிவும் அல்ல.

சட்டத்தை அவர் ஓரமாக ஒரு உதாரணமாக வைக்கவில்லை, புரிதல் என்றாலே என்ன என்பதற்கு மாதிரியாக வைக்கிறார். ஒரு பழைய சட்டப்பிரிவைச் சட்ட வரலாற்றாசிரியரும் படிக்கிறார், நீதிபதியும் படிக்கிறார். முதலில் பொருளைப் புரிந்துகொண்டு அப்புறம் வழக்குக்குப் பொருத்துகிறோம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடைமுறையில் அப்படி இல்லை. முன்னால் நிற்கும் வழக்குதான் அந்தப் பிரிவின் பொருளைத் திறந்து காட்டுகிறது. 20 வருடமாகப் படித்த பிரிவு ஒன்று, ஒரு புதுக் கட்சிக்காரர் கொண்டுவந்த கதையால் எனக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது, பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நூலின் தொடுவானமும் என் தொடுவானமும் கலக்கும் இடம் என்று காடமர் சொல்வது இதைத்தான்.


எதிர்க்காற்று எழுதியது:

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் நீதிபதி யார், சட்டத்தை எழுதியது யார்? ஜெர்மன் சமூகத் தத்துவவாதி ஹாபர்மாஸ் 1967-இல் காடமரிடம் கேட்டது இதுதான். மரபு என்பது நம்மோடு உரையாடும் குரல் மட்டுமில்லை, அதில் அதிகாரமும் உட்கார்ந்திருக்கிறது. மொழியே ஆதிக்கத்தின் கருவியாகலாம். ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம் என்ற உணர்வே திரிக்கப்பட்டதாக இருக்கலாம், மனநோயாளி தன் அறிகுறியைத் தானே படிக்க முடியாததைப் போல. அப்போது உள்ளேயிருந்து வாசித்துக்கொண்டே இருந்தால் போதாது, வெளியிலிருந்து ஒரு கோட்பாடு வேண்டும். உளப்பகுப்பாய்வு தருகிற மாதிரி ஒரு விளக்கம் வேண்டும். மரபால் நசுக்கப்பட்டவர்களுக்கு 'மரபோடு உரையாடு' என்று சொல்வது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.


சட்டப்பை எழுதியது:

ஏற்கிறேன், அந்த அடி காடமர்மேல் சரியாகவே விழுந்தது. ஒரு தகவல் சொல்கிறேன். 1960 பதிப்பில், நல்ல முன்தீர்ப்பையும் கெட்ட முன்தீர்ப்பையும் பிரித்துக் காட்டக் கால இடைவெளி 'மட்டுமே' உதவும் என்று எழுதியிருந்தார். 1986-இல் தொகுப்பு நூலாக வந்தபோது அந்தச் சொல்லை மாற்றி, 'பல நேரங்களில்' உதவும் என்று போட்டார். 86 வயதில் தன் முக்கியமான நூலில் ஒரு சொல்லைத் திருத்துகிறார். எனக்கு அது அவருடைய கோட்பாடே தன்மேல் வேலை செய்ததாகப் படுகிறது.

ஆனால் ஹாபர்மாஸுக்குக் காடமர் கேட்ட எதிர்க்கேள்வியும் இன்னும் நிற்கிறது. அந்த மருத்துவர் நாற்காலியில் உட்காரும் உரிமை யாருக்கு? சமூகத்தில் எல்லோரும் ஒரே உரையாடலில் இருக்கும்போது, நீ நோயாளி, நான் மருத்துவன் என்று ஒருவர் எப்படி அறிவித்துக்கொள்வது?


மேசைவிளக்கு எழுதியது:

இந்த இடத்தில்தான் நான் முதலில் இருந்து சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியும்.

ஹுசெர்லிடம் ஒரு சிவப்புப் பந்து வருகிறது. முன்பக்கம் உருண்டையாக, ஒரே சிவப்பாக இருக்கிறது. பின்பக்கமும் அப்படியே இருக்கும் என்று, நினைக்காமலேயே எதிர்பார்க்கிறோம். திருப்பினால் பின்பக்கம் பச்சை, ஒரு குழிவும் இருக்கிறது. அவர் இதற்கு வைக்கும் சொல் 'என்டாய்ஷுங்', ஏமாற்றம். அது நடக்கும்போது இனிமேல் வருவது மட்டும் மாறுவதில்லை, ஏற்கெனவே பார்த்து முடித்ததும் பின்னோக்கித் திருத்தப்படுகிறது. நான் பார்த்தது ஆரம்பத்திலிருந்தே ஒரு பாதிப் பச்சைப் பந்துதான். மெழுகுப் பெண்மணியும் இதே கதைதான்.

தமிழில் ஏமாற்றம் என்றால் ஏமாந்துபோனது. ஜெர்மன் சொல்லை உடைத்தால் நேர்மாறாக வருகிறது. 'டாய்ஷுங்' என்றால் ஏமாறுதல், முன்னால் ஒட்டும் 'என்ட்' அதை நீக்குகிறது, அதாவது ஏமாறிக்கொண்டிருந்தது முடிந்தது. யோசித்தால் நமக்கும் அது பொருந்தும். ஏமாந்த நேரத்தில் நாம் ஏமாற்றம் என்று சொல்வதில்லை, அது கலைந்த நேரத்தில்தான் சொல்கிறோம்.

என் அப்பா ஒரு வருடத்துக்கும் மேலாக நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தார். நான் அதைக் கோபமாக எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் எங்களுக்குள் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. அந்த முன்தீர்ப்பு இருக்கும்போது ஒவ்வொரு மௌனமும் அதற்குச் சாட்சியாகவே வந்து நின்றது. ஒருநாள் பின்னால் பாத்திரம் விழுந்தது, அவர் திரும்பவில்லை. காது போயிருக்கிறது. அந்த ஒரு நொடியில் ஒரு வருடத்து மௌனம் முழுவதும் வேறாகிவிட்டது. நான் வெளியிலிருந்து எந்தக் கோட்பாட்டையும் கொண்டுவரவில்லை. ஆனால் உள்ளேயிருந்த என் வாசிப்பும் தானாக மாறவில்லை, எதிரே இருந்தது என்னை மறுத்தது.

காடமர் இதை மறக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 'உண்மையும் முறையும்' நூலில் அனுபவம் பற்றி எழுதும் பகுதியைப் பாருங்கள், உண்மையான அனுபவம் எப்போதும் எதிர்மறையானது, எதிர்பார்ப்பு முறிவதுதான் அனுபவம் என்கிறார், துன்பத்தின் வழியே அறிவு என்ற கிரேக்க நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸின் வாக்கை அங்கே கொண்டுவருகிறார். ஹெகெலைக் காட்டித்தான் எழுதுகிறார், ஆனால் அங்கே ஹுசெர்லின் பந்து உருள்வது எனக்குக் கேட்கிறது. எதிர்க்காற்று கேட்ட சோதனை இருக்கிறதா என்றால், இருக்கிறது. பார்ப்பது எல்லாம் வாசிப்புதான் என்று அலைவரிசை சொன்னதை முழுதாக ஏற்றுக்கொண்டபின்னும், எல்லா வாசிப்பும் ஏமாற்றத்துக்குத் திறந்திருக்கிறதா இல்லையா என்று கேட்கலாம். 1933-இல் அந்த ரெக்டரின் கண் முன்னால் ஒரு 74 வயது ஆசான் இருந்தார். அவர் மறுப்பாக நின்றார். அந்த மறுப்பைப் பார்க்காமல் போனதற்குப் பொருள்கோளியல் காரணமில்லை, அதைக் கைவிட்டதுதான் காரணம்.

ஹாபர்மாஸ் சொன்ன ஆதிக்கத்திலும் இதையே கேட்பேன். மரபு யாருடைய மறுப்பைக் காதில் வாங்காமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது? அதற்கு வெளியே ஒரு கோட்பாடு வேண்டுமோ வேண்டாமோ, முதலில் அந்த மறுப்பு வந்து சேர வழி வேண்டும்.


எதிர்க்காற்று எழுதியது:

முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. பாத்திரம் உங்கள் வீட்டில் ஒருநாள் விழுந்தது. சில சமூகங்களில் பாத்திரம் விழவே விடமாட்டார்கள், விழுந்தாலும் சத்தம் வெளியே வராது. அதற்குத்தான் ஹாபர்மாஸ் போன்றவர்களின் விமர்சனக் கோட்பாடு. ஆனால் கடைசிப் பத்தியைத் திரும்பப் படிக்கிறேன். ஹுசெர்லை இப்படி நான் யோசித்ததில்லை.


கூழாங்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 32-ஆம் பிரிவை இன்று காலை திரும்பப் படித்தேன், இந்த முறை மூடி வைக்கத் தோன்றவில்லை. ஹுசெர்லில் எங்கே தொடங்கலாம்? 'தர்க்க ஆய்வுகள்' இரண்டு பெரிய பாகம், பார்த்தாலே பயமாக இருக்கிறது.


அலைவரிசை எழுதியது:

அதில் தொடங்காதீர்கள். 'வடிவியலின் தோற்றம்' என்று 1936-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இருக்கிறது, அவர் இறந்தபின் 1939-இல் அச்சானது. முதல் வடிவியலாளர் கண்ட ஒரு உண்மை எப்படி எழுத்தில் படிந்து, தலைமுறை தாண்டி, நம் கைக்கு வரும்போது அதன் உயிர் மறந்துபோய் வெறும் சூத்திரமாகிறது, அதைத் திரும்ப எழுப்புவது எப்படி என்று கேட்கிறார். படித்துக்கொண்டே போனால் இதை எழுதியது ஹுசெர்லா காடமரா என்று சந்தேகம் வரும். அதை முடித்துவிட்டு, 'தர்க்க ஆய்வுக'ளின் ஐந்தாம் ஆய்வில் 27-ஆம் பிரிவை மட்டும் எடுங்கள். மெழுகுப் பெண்மணி அங்கேதான் நிற்கிறாள்.